அலை, ஒலி, ஒளி: சென்னையில் இருந்தபடியே அளந்து படிக்க ஒரு வழிகாட்டி

பள்ளியை விட்டு வந்தபின் இயற்பியலை மறுபடி தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள் என இரு தரப்பினரும் பெரும்பாலும் அலைகள் பாடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். பாடம் வரையறைகளில் தொடங்குவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. குறுக்கலை, நெட்டலை, வீச்சு, கட்டம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடுகிறது. வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் அளவு நாடாவை எடுங்கள். சொற்கள் தேவைப்படும் இடத்தில் தாமாக வந்து சேரும்.

இதற்குச் சென்னையை விடத் தோதான ஊர் அதிகம் இல்லை. கிழக்கே கடல் இருக்கிறது, நடுவே ரயில் பாதை இருக்கிறது, தெருவுக்குத் தெரு பாட்டு வகுப்பு இருக்கிறது. கீழே உள்ளவற்றைக் கொடுத்துள்ள வரிசையிலேயே செய்தால் நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை.

வாங்கி வைக்க வேண்டியவை

ஸ்மார்ட்போன் இரண்டு, ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். இரும்பு டேப் ஒன்று. தண்ணீர் நிரப்ப ஒரு வாளி. ஒரு அங்குல பிவிசி குழாயில் 40 சென்டிமீட்டர் துண்டு. ஹார்டுவேர் கடையில் அறுத்துத் தருவார்கள். பரணில் கிடக்கும் பழைய சிடி. போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி. சிவப்பு லேசர் பாயிண்டர்; அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும்.

லேசர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. 1 மில்லிவாட்டுக்கு மேல் வாங்காதீர்கள். பச்சை லேசர் பளிச்சென்று தெரிகிறதே என்று ஆசைப்பட வேண்டாம். மலிவான பச்சை பாயிண்டர்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அகச்சிவப்பு லேசர். அதைப் படிகங்களின் வழியே செலுத்தித்தான் பச்சை ஒளி பெறுகிறார்கள். வடிகட்டி சரியில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வெளியேறும். எந்த நிறமானாலும் கண்ணில் படக்கூடாது. கண்ணாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ பட்டுத் திரும்பிவரும் ஒளிக்கும் இது பொருந்தும்.

போனில் ‘ஃபைபாக்ஸ்’ என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். போனில் ஏற்கெனவே இருக்கும் ஒலிவாங்கியையும் உணரிகளையும் ஆய்வுக்கூடக் கருவிகளாக மாற்றிவிடுகிறது.

மனத்தில் வைக்க வேண்டிய ஒரே சூத்திரம்

அலையின் வேகம் = அதிர்வெண் × அலைநீளம். ஒரு வினாடியில் எத்தனை முகடுகள் கடக்கின்றன என்பது அதிர்வெண். அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளம். இரண்டையும் பெருக்கினால் வேகம் வருவதில் வியப்பில்லை.

சூத்திரம் எளிது. ஆனால் இந்த மூன்றில் எதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அலையை உண்டாக்கும் மூலம். வேகத்தைத் தீர்மானிப்பது அலை செல்லும் ஊடகம். அலைநீளத்துக்குச் சொந்த விருப்பம் கிடையாது. மற்ற இரண்டும் சொல்வதற்கு ஏற்ப அது நீளும், சுருங்கும். இனி வரும் எல்லாச் சோதனைகளிலும் இந்த மூவரில் யார் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

படி 1: கடற்கரையில் அலைவு காலம்

மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ காலையில் போங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். சென்னைக் கடற்கரையின் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். இந்தச் சோதனைக்கு மணலில் நின்றால் போதும்.

கரையில் உடைந்து நுரைக்கும் அலைகளை எண்ணத் தொடங்குவதுதான் பலரும் செய்வது. அங்கே திரும்பிப் போகும் நீரும் வரும் அலையும் மோதிக்கொள்வதால் கணக்கு குழம்பிவிடும். அலை உடையும் வரிசைக்கு அப்பால் பாருங்கள். மீன்பிடிப் படகு ஒன்று நின்றுகொண்டிருந்தால் நல்லது. அது மேலே எழுந்து கீழே இறங்குவதைக் கவனியுங்கள். ஒரு முறை உச்சிக்கு வந்ததும் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, அதன்பின் பத்து முறை உச்சிக்கு வரும்வரை ஓடவிட்டு, பத்தால் வகுத்தால் கிடைப்பது அலைவு காலம். படகு ஏறி இறங்குகிறதே தவிர ஒவ்வொரு முகடுடனும் கரைக்கு ஓடிவந்துவிடுவதில்லை என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அலையோடு வருவது ஆற்றல். தண்ணீர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே சுழல்கிறது.

உங்களுக்குக் கிடைத்த விடை 8 வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அலைநீளத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: அலைவு காலத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். எட்டின் வர்க்கம் 64. ஆக அலைநீளம் 100 மீட்டர், வேகம் வினாடிக்கு 12.5 மீட்டர். கரையை நெருங்கும்போது கடல் ஆழம் குறைகிறது. ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது வினாடிக்கு 3.1 மீட்டர்தான். ஆனால் அலைவு காலம் அதே 8 வினாடி. எங்கோ வங்கக் கடலில் வீசிய காற்று தீர்மானித்ததை மெரினாவின் மணல் மாற்ற முடியாது. எனவே 100 மீட்டர் அலைநீளம் 25 மீட்டராகச் சுருங்குகிறது. ஆற்றல் நெருக்கப்படுவதால் அலை உயர்கிறது, கடைசியில் உடைகிறது. அலையின் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழம் இருக்கும் இடத்தில் உடையும். உடையும் அலையின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் அந்த இடத்தின் ஆழம் தெரிந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று நடந்ததும் இதே கணக்குதான். 4,000 மீட்டர் ஆழத்தில் ஆழிப்பேரலையின் வேகம் மணிக்குச் சுமார் 710 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீட்டர். நடுக்கடலில் கப்பலில் இருப்பவர்கள் உணராத அலை, கரையில் சுவராக எழுந்ததற்குக் காரணம் இந்த வேகக் குறைவு.

கரையில் நிற்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அலைகள் எந்தத் திசையிலிருந்து புறப்பட்டாலும், கரைக்கு வரும்போது கிட்டத்தட்ட கரைக்கு இணையாகவே வருகின்றன. தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும் ஓர் அலையின் ஒரு முனை முதலில் ஆழமற்ற பகுதியைத் தொட்டு மெதுவாகிறது. ஆழத்தில் இருக்கும் மறுமுனை வேகமாக வந்து அதைப் பிடிக்கிறது. அலை திரும்புகிறது. இதன் பெயர் விலகல். கண்ணாடிக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் நுழையும் ஒளி வளைவதும் இதே காரணத்தால்தான். அங்கேயும் ஒரு பக்கம் முதலில் மெதுவாகிறது.

ஆனால் கடல் அலை முழுவதுமாகத் திரும்பிவிடுவதில்லை. கொஞ்சம் சாய்வு மிச்சமிருக்கும். அந்த மிச்சச் சாய்வு ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. இன்று நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்கும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். அதற்கு விலை கொடுத்தது வடக்கே இராயபுரம் பக்கம். வரவேண்டிய மணல் வராததால் அங்கே கடல் கரையை அரித்தது. ஒளிவிலகல் பாடத்தை முக்கோணப் பட்டகத்தை விட்டுவிட்டு இந்தக் கதையிலிருந்து தொடங்கினால் என்ன என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

படி 2: மொட்டை மாடியில் ஒலியின் வேகம்

போன்கள் இரண்டும், உதவிக்கு ஒருவரும் தேவை. விடியற்காலை உகந்தது. எட்டு மணிக்கு மேல் தெருவின் ஹாரன் சத்தம் சோதனையைக் கெடுத்துவிடும்.

போன்களைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். இரண்டிலும் ஃபைபாக்ஸ் செயலியின் ஒலி ஸ்டாப்வாட்சைத் திறந்து ஓடவிடுங்கள். உரத்த சத்தம் கேட்டால் அது தொடங்கும்; அடுத்த சத்தத்தில் நிற்கும். முதல் போனுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒரு முறை கை தட்ட வேண்டும். முதல் போன் உடனே தொடங்கிவிடும். ஒலி 5 மீட்டர் பயணம் செய்து சேர்ந்த பிறகே இரண்டாவது தொடங்கும். சில வினாடிகள் கழித்து இரண்டாவது போனுக்குப் பக்கத்தில் நிற்பவர் தட்ட வேண்டும். இப்போது இரண்டாவது உடனே நிற்கும், முதல் போன் தாமதமாக நிற்கும். இரண்டு நேரங்களையும் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம், ஒலி போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என 10 மீட்டர் செல்ல எடுத்துக்கொண்ட நேரம். 30 டிகிரி வெப்பத்தில் அது ஏறத்தாழ 0.0287 வினாடியாக இருக்க வேண்டும். பத்தை அதனால் வகுத்தால் வினாடிக்கு 349 மீட்டர்.

இருபுறமும் தட்டுவதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. மாடியில் கடற்காற்று வீசினால், காற்றோடு போகும் ஒலி சற்று விரைவாகவும் எதிர்த்து வரும் ஒலி சற்றுத் தாமதமாகவும் வரும். போக, வர இரண்டையும் கூட்டும்போது இந்தப் பிழை கிட்டத்தட்ட அடிபட்டுப்போகிறது.

பல நூல்களில் 332, 340 என்றெல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். 0 டிகிரியில் 331. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 கூடும். குளிர்நாட்டு எண்களை அப்படியே மே மாதச் சென்னைக்குக் கொண்டுவந்தால் கணக்கு உதைக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்னலுக்கும் இடிக்கும் இடையே வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் இடி விழுந்த தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இந்த எண்ணிக்கை 30க்குக் குறைந்தால் மாடியில் நின்று எண்ணாதீர்கள், உள்ளே வாருங்கள்.

படி 3: வாளியும் குழாயும்

ஒலியின் வேகத்தை வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். ஒரே விடை இரு வழிகளில் வரும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது.

வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பிவிசி குழாயைச் செங்குத்தாக அமிழ்த்திப் பிடியுங்கள். செயலியில் 1,000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஆயிரம் அதிர்வுகள் கொண்ட ஒலியை எழுப்பி, போனின் ஒலிபெருக்கியைக் குழாயின் வாய்க்கு மேலே வைத்துக்கொண்டு குழாயை மெல்ல உயர்த்துங்கள். நீருக்கு மேலே உள்ள குழாயின் நீளம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் ஆகும்போது ஒலி திடீரென்று பெருத்துக் கேட்கும். இது ஒத்ததிர்வு. குழாயில் குறியிட்டுக்கொண்டு மேலும் உயர்த்துங்கள். ஒலி அடங்கி, 25 சென்டிமீட்டர் பக்கத்தில் மறுபடி பெருகும். அங்கேயும் குறியிடுங்கள்.

முதல் குறி அலைநீளத்தில் கால் பங்கு, இரண்டாவது முக்கால் பங்கு. ஆனால் அளந்து பார்த்தால் முதல் குறி, வரவேண்டிய 8.7க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். குழாயின் வாய்க்கு வெளியே சிறிது தூரத்துக்குக் காற்றும் சேர்ந்து அதிர்வதால், ஒலிக்குக் குழாய் கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது. இதற்குத் திருத்தம் போடும் சூத்திரம் உண்டு, வேண்டியதில்லை. இரண்டு குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பிழை தானாகக் கழிந்துவிடும். 17.4 சென்டிமீட்டர் வருகிறது என்றால் அது அரை அலைநீளம். முழு அலைநீளம் 0.348 மீட்டர், 1,000ஆல் பெருக்கினால் 348. மாடியில் கிடைத்த எண்ணுடன் ஒப்பிடுங்கள்.

குடத்தில் குழாய்த் தண்ணீர் நிரம்பும்போது ஒலி கீச்சென்று உயர்ந்துகொண்டே போவதும் இதுதான். காற்று வெளி குறையக் குறைய அதற்குள் அடங்கும் அலைநீளம் குறைகிறது, அதிர்வெண் ஏறுகிறது.

படி 4: வீணையின் மெட்டுகளுக்கு இடையே டேப்

வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ வீணை இருந்தால் அனுமதி கேட்டு அளந்து பாருங்கள். தந்தியில் கதை கொஞ்சம் மாறுகிறது. இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் அலைநீளத்தை முதலில் தீர்மானிப்பது தந்தியின் நீளம். வேகத்தைத் தீர்மானிப்பது தந்தியின் கனமும் இழுவிசையும். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகுவது வேகத்தைத்தான் மாற்றுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து அதிர்வெண்ணைப் பெற்றெடுக்கின்றன. அந்த அதிர்வெண் காற்றில் இறங்கிய பிறகு பழைய விதி திரும்பிவிடும். அதிர்வெண் அதேதான், காற்றின் வேகத்துக்கு ஏற்ப அலைநீளம் புதிதாக அமையும்.

வீணையில் 24 மெட்டுகள் (தந்தியை அழுத்துவதற்குக் குறுக்கே பதித்த கட்டைகள்), இரண்டு ஸ்தாயிகள். ஒவ்வொரு மெட்டும் அதிர்வெண்ணை ஏறத்தாழ 1.06 மடங்கு உயர்த்துகிறது. பன்னிரண்டு முறை உயர்த்தினால் இரு மடங்கு, அதாவது மேல் ஸட்ஜம். அதிரும் தந்தி 80 சென்டிமீட்டர் என்றால் முதல் மெட்டு மேல் முனையிலிருந்து 4.5 சென்டிமீட்டரில் வரும். பதினோராவதற்கும் பன்னிரண்டாவதற்கும் இடைவெளி 2.4தான். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நடுப்பகுதியில் இருக்கும், ஆனால் சரியாக நடுவில் இருக்காமல் போகலாம். விரலால் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டு ஸ்ருதி ஏறுகிறது. அதைச் சரிக்கட்டும்படி, மெட்டுகளைப் பொருத்துபவர் (‘மேளம் கட்டுபவர்’) செவியை நம்பி மெட்டை மெழுகில் பதிக்கிறார்.

மிருதங்கம் இன்னும் சிக்கலான விஷயம். சாதாரணத் தோல்கருவியின் மேல்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக வருவதில்லை. அதனால்தான் அவற்றில் இரைச்சல் மிகுதி. வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், அப்பும் கரணை என்ற கரிய பூச்சு, தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி மேல்சுரங்களை முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. இதை விளக்கி சர் சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934இல் விரிவாக மீண்டும் எழுதினார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி நம் ஊர்த் தாளக்கருவியை இத்தனை அக்கறையோடு ஆராய்ந்தார் என்பது சபாக்களில் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

சபா என்றதும் ஒன்று. வெளியே 30 டிகிரி, குளிரூட்டிய அரங்கில் 22 என்றால் ஒலியின் வேகம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் குறைகிறது. புல்லாங்குழலின் நீளம் மாறாததால் ஸ்ருதி அதே அளவு இறங்கும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் கால் பங்கு. வித்வான் மேடைக்குப் போகும் முன் குழலை ஊதிச் சூடேற்றிக்கொள்வது வெறும் பழக்கம் அல்ல.

படி 5: நடைமேடையில் டாப்ளர் விளைவு

சைதாப்பேட்டை, கோடம்பாக்கம் போன்ற நிலையங்களை விரைவு ரயில்கள் ஹாரன் அடித்தபடி நிற்காமல் கடக்கும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி நின்று போனில் பதிவு செய்யுங்கள். பதிவை வீட்டுக்கு வந்து அலசிக்கொள்ளலாம். நடைமேடையில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

ரயில் நெருங்க நெருங்க ஸ்ருதி ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கூர்ந்து கேளுங்கள். ஏறுவது உரப்பு மட்டும். ஸ்ருதி முதலிலிருந்தே உயர்ந்த நிலையில் நிற்கிறது. இன்ஜின் நம்மைக் கடக்கும் அந்த நொடியில் சட்டென்று இறங்கி, இறங்கிய நிலையிலேயே போகிறது. காரணம், முன்னால் போகும் ஒலியின் முகடுகளை ரயில் துரத்திக்கொண்டு வருவதால் அவை நெருங்குகின்றன. பின்னால் விட்டுவரும் முகடுகள் விலகுகின்றன. இந்த நெருக்கம் வேகத்தைப் பொறுத்ததே தவிர தூரத்தைப் பொறுத்தது அல்ல.

பதிவைச் செயலியில் ஒலிநிறமாலையாகப் பாருங்கள். நெருங்கும்போது 414 ஹெர்ட்ஸ், விலகும்போது 369 என்று வந்தால், கழித்தால் 45, கூட்டினால் 783. 45ஐ 783ஆல் வகுத்து 349ஆல் பெருக்கினால் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். அந்த இரு அதிர்வெண்களின் விகிதம் 1.12. இது சதுச்ருதி ரிஷபத்துக்கும் ஸட்ஜத்துக்கும் உள்ள உறவு. பாட்டு கற்றவர்களுக்குச் செயலி தேவையில்லை. ஹாரன் ‘ரி’யிலிருந்து ‘ஸ’வுக்கு இறங்கினால் ரயில் 72இல் போகிறது. ஒரு ஸ்வரஸ்தானம் மட்டும் இறங்கினால் ஏறத்தாழ அதில் பாதி வேகம்.

படி 6: சிடியும் லேசரும்

ஒலியின் அலைநீளத்தை டேப்பால் அளந்தோம். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் அதே டேப் போதும், அந்த நுண்ணிய அளவைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு பொருள் கிடைத்தால். அந்தப் பொருள் சிடி.

சிடியின் அச்சிட்ட பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, அகலமான ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று உரித்தால் வெள்ளிப் படலம் கழன்று வந்துவிடும். டிவிடியில் இது எளிதில் நடக்காது. அதில் இரண்டு தகடுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. உரித்த சிடியில் 1.6 மைக்ரோமீட்டருக்கு ஒன்றாகச் சுருள்கோடுகள் நிறைந்திருக்கும். இயற்பியல் மொழியில் இது ஒரு கீற்றணி.

இருட்டறையில் சுவரிலிருந்து 50 சென்டிமீட்டரில் சிடியைச் சுவருக்கு இணையாக நிறுத்தி, லேசரை அதன் வழியே நேராகச் செலுத்துங்கள். நடுவே ஒரு புள்ளியும், இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளியும் விழும். நடுப் புள்ளிக்கும் பக்கப் புள்ளிக்கும் உள்ள தூரம் 22.2 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சிடியிலிருந்து பக்கப் புள்ளிக்கு நேர்க்கோட்டுத் தூரத்தையும் அளந்தால் 54.7 வரும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.406, 1,600 நானோமீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 650 நானோமீட்டர். லேசரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 630-680 என்று வாய்க்கு வந்த எல்லை இருக்கலாம். உங்கள் அளவு அதைவிட நயமானது.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு தலைமுடியின் தடிமனை அளக்கலாம். ஒரு முடியை லேசரின் வாயில் குறுக்காக ஒட்டி, 3 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பாருங்கள். முடியின் நிழல் விழும் என்று எதிர்பார்ப்பீர்கள், விழாது. முடிக்குச் செங்குத்தான திசையில் வெளிச்சமும் இருட்டுமாக ஒரு வரிசை நீளும். முடியின் இரு பக்கமும் வளைந்து வந்த ஒளி ஒன்றோடொன்று கூடும் இடத்தில் வெளிச்சம், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் இருட்டு. அடுத்தடுத்த இருட்டுப் பட்டைகளின் இடைவெளி 2.8 சென்டிமீட்டர் என்றால், அலைநீளத்தை 3 மீட்டரால் பெருக்கி அந்த இடைவெளியால் வகுங்கள்: 0.07 மில்லிமீட்டர். வீட்டில் எல்லாருடைய முடியையும் அளக்காமல் விடமாட்டார்கள், எச்சரித்துவிடுகிறேன்.

லண்டனில் தாமஸ் யங் 1803இல் செய்து காட்டியதும் இதன் நெருங்கிய உறவுதான். முடிக்குப் பதில் மெல்லிய அட்டைச் சீட்டை மெல்லிய சூரியக் கதிரின் குறுக்கே பிடித்தார். ஒளி அலைதான் என்ற வாதத்துக்கு அது பலம் சேர்த்தது. நம் பக்கம் வந்தால், மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ராமன், செவ்வகத் துளையில் ஒளி சாய்வாக விழும்போது தோன்றும் சமச்சீரற்ற பட்டைகளைப் பற்றி 1906இல் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 18.

படி 7: குளிர்கண்ணாடியைத் திருப்புதல்

குறுக்கலை என்ற சொல் இப்போதுதான் தேவைப்படுகிறது. ஒலி, தான் போகும் திசையிலேயே காற்றை முன்னும் பின்னுமாக நெருக்கி விலக்குகிறது. ஒளியின் அதிர்வு போகும் திசைக்குக் குறுக்கே நிகழ்கிறது. குறுக்கே என்றால் மேல்கீழாகவா, இடவலமாகவா என்ற கேள்வி உடனே வரும். ஒலியிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடுவதற்குப் பெயர் தளவிளைவு. போலராய்டு கண்ணாடி செய்வது அதைத்தான்.

அதைக் கையில் பிடித்து மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை முழுக்க இருண்டுவிடும். இருளவில்லை என்றால் உங்களுக்கு விற்றது போலராய்டு இல்லை. கடையிலேயே போனைக் காட்டிச் சோதித்து வாங்கியிருக்கலாம். அடுத்து, காலை ஏழு மணிக்குச் சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தை, அதாவது தலைக்கு நேர் மேலே பார்த்துக் கண்ணாடியைச் சுழற்றுங்கள். நீலம் ஆழமாவதும் வெளிறுவதும் தெரியும். சூரியனை மட்டும் எந்தக் கண்ணாடி வழியாகவும் பார்க்காதீர்கள். காற்றின் மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளி அந்தத் திசையில் பெரிதும் ஒரே தளத்தில் அதிர்கிறது. சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதம். 650 நானோமீட்டர் சிவப்பை விட 450 நானோமீட்டர் நீலம் நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது.

மழை பெய்து நனைந்த சாலையையோ குளத்து நீரையோ, கிடைமட்டத்திலிருந்து 37 டிகிரி கீழ்நோக்கிப் பார்த்தால், கண்ணாடி சரியான கோணத்தில் இருக்கும்போது மேற்பரப்பின் மினுமினுப்பு அடியோடு மறையும். 1921இல் ‘நர்குண்டா’ கப்பலில் வந்துகொண்டிருந்த ராமன் மத்தியதரைக் கடலில் இதே உத்தியைக் கையாண்டார். அவரிடம் போலராய்டுக்குப் பதில், அதே வேலையைச் செய்யும் நிக்கோல் பட்டகம் இருந்தது. வானத்தின் பிரதிபலிப்பை அணைத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தொடங்கிய அந்த ஆய்வு, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் போய் முடிந்தது. தண்ணீர் சிவப்பை உறிஞ்சுவதற்கும் கடல் நீலத்தில் பெரும் பங்கு உண்டு என்பது பிறகு தெளிவானது.

படி 8: அப்பளத்தில் ஒளியின் வேகம்

மைக்ரோவேவ் அடுப்பில் ஓடுவதும் ஒளியின் இனம்தான், அலைநீளம் மட்டும் பெரிது. அடுப்பின் பின்புறத் தகட்டில் 2450 மெகாஹெர்ட்ஸ் என்று அதிர்வெண் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் இடம் நகராத நிலை அலைகளாகின்றன. சில இடங்களில் சூடு மிகுதி, சில இடங்களில் குறைவு. இந்த வேறுபாட்டைச் சமன்செய்யத்தான் தட்டு சுழல்கிறது. எனவே தட்டையும் அதைச் சுழற்றும் வளையத்தையும் எடுத்துவிட்டு, நடுவிலுள்ள முளையின் மேல் ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல், பொரிக்காத பெரிய அப்பளங்களை இடைவெளி இல்லாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, இருபது வினாடி மட்டும் ஓடவிடுங்கள். கண்ணை எடுக்காதீர்கள், புகை கிளம்பும் முன் நிறுத்த வேண்டும்.

அப்பளம் அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுத்துக் கொப்புளித்திருக்கும். பக்கத்துப் பக்கத்துத் திட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் பெரும்பாலும் 6.1 சென்டிமீட்டர் பக்கம் நிற்கும். அது அரை அலைநீளம். இரட்டிப்பாக்கி 12.2 சென்டிமீட்டர் என்று எடுத்து அதிர்வெண்ணால் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 2,99,000 கிலோமீட்டர் வருகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 2,99,792. இவ்வளவு நெருக்கமாக எல்லாருக்கும் வராது. அடுப்பின் உள்ளே அலைகள் மூன்று திசைகளிலும் மோதுவதால் திட்டுகள் ஒழுங்கான வரிசையில் அமைவதில்லை. ஒரே ஒரு இடைவெளியை நம்பாமல் கிடைத்த எல்லாவற்றையும் அளந்து சராசரி எடுங்கள். 2,50,000க்கும் 3,50,000க்கும் இடையில் விடை வந்தால் சோதனை சரியாகவே நடந்திருக்கிறது. அதற்கு வெளியே போனால் அப்பளங்களை மாற்றி, தட்டை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து மறுபடி ஓடவிடுங்கள். திட்டுகள் இடம் மாறி இன்னும் தெளிவாக விழக்கூடும்.